பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் வீட்டு மழலையர் காப்பகம்: குழந்தைகளின் வெளிநடமாட்டப் பாதுகாப்பும் ‘பாடு’ முறையும்

ஆய்வுச் சுருக்கம்

திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் ஒன்றியத்தைச் சேர்ந்த பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் மீன்பிடித் தொழிலோடு இணைந்த பெண்களின் உழைப்பு, வீட்டிற்கு வெளியே பல மணிநேரம் நிகழ்வதாகும். அந்நேரத்தில் ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தைகளைப் பாட்டியரோ அண்டை வீட்டாரோ தம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தை ‘வீட்டு மழலையர் காப்பகம்’ என இக்கட்டுரை குறிக்கிறது. நீர்சூழ்ந்த இந்நிலத்தில் குழந்தைகளை வெளியே நடமாட விடுவது எவ்வாறு, எந்நிலையில் பாதுகாப்பானதாகும் என்பதே கட்டுரையின் வினா. குழந்தையை அடைத்து வைப்பதனாலன்றி, ‘இந்நொடியில் பார்க்க வேண்டியவர் யார்’ என்பதை ஐயமின்றி வரையறுப்பதனாலேயே பாதுகாப்பு அமையும் என்றும், அவ்வரையறைக்கு இக்குப்பங்களின் ‘பாடு’ என்னும் முறைவைப்பு மரபு ஏற்றதொரு மாதிரியாகும் என்றும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பழவேற்காடு, மீஞ்சூர், மீனவப் பெண்கள், மழலையர் காப்பகம், நீரில் மூழ்குதல், பாடு, பிள்ளைத்தமிழ்ப் பருவங்கள்.

முன்னுரை

குழந்தை வளர்ப்பைப் பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் தாலாட்டு, சடங்கு, மருத்துவம், விளையாட்டு ஆகியவற்றை மையமாகக் கொண்டுள்ளன. தாய் வேலைக்குச் சென்றிருக்கும் பகற்பொழுதில் குழந்தை எங்கே இருந்தது, யார் பார்த்துக்கொண்டார், அது வாசலைத் தாண்டியபோது என்ன நேர்ந்தது என்னும் வினாக்கள் அவற்றுள் மிகுதியாக இடம்பெறவில்லை. ஆயினும் நெய்தல் நில வாழ்வில் குழந்தையின் உயிரைத் தீர்மானிப்பவை இவ்வினாக்களே.

உலகச் சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள். இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் நீரில் மூழ்கி இறந்தோர் 38,000க்கும் மேற்பட்டவர் எனத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் தொகுப்பு காட்டுகிறது. இப்பின்னணியில், ஏரியும் கடலும் கால்வாயும் சூழ்ந்த பழவேற்காட்டுப் பகுதியைக் களமாகக் கொண்டு இக்கட்டுரை அமைகிறது. களத்தின் இயல்பு, குழந்தை நடமாட்டத்தின் படிநிலைகள், நீர் விபத்து நிகழும் விதம், வங்கப் பகுதிகளின் அனுபவம், ‘பாடு’ மரபு, நடைமுறை நெறிகள், அரசுத் திட்டங்களின் எல்லை என்னும் வரிசையில் செய்திகள் விளக்கப்பெறுகின்றன.

1. களமும் உழைப்பும்

பழவேற்காடு ஏரி, ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்ததாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல் ஆகும். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலுமாகப் பரந்துள்ள இவ்வேரியை வங்கக் கடலிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாத் தீவு பிரிக்கிறது. ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய ஆறுகள் இதில் நன்னீரைச் சேர்க்கின்றன. பக்கிங்காம் கால்வாய் இதனை ஊடுருவிச் செல்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆழமற்றது. வளர்ந்தவர் நின்றுகொண்டே வலை இழுக்கத்தக்க இடங்கள் பல. பெரியவர்களுக்கு அச்சமூட்டாத இவ்வாழமின்மையே குழந்தைகளைப் பொறுத்தவரை ஏமாற்றுகின்ற இயல்பாகும். இடுப்பளவு நீர் என்று தாய் கருதுவது, இரண்டு வயதுக் குழந்தையின் தலைக்கு மேலான நீராகும்.

இங்குப் பெண்களின் உழைப்பு மூன்று வகையில் குழந்தையிடமிருந்து அவர்களைப் பிரிக்கிறது. ஏலத்தில் மீன் எடுத்துத் தலைச்சுமையாகவோ வண்டியிலோ ஊர்களுக்குக் கொண்டு சென்று விற்பவர்கள் விடியலிலேயே புறப்பட்டுவிடுகின்றனர். இருளர் உள்ளிட்ட மக்கள் நீரில் இறங்கிக் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பனையோலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டு இருகையாலும் சேற்றைத் தடவும் அத்தொழிலில், குழந்தையை இடுப்பில் ஏந்த இயலாது. மீன் உலர்த்துதல், வலை பழுதுபார்த்தல், பனையோலை முடைதல் போன்றவை வீட்டருகே நிகழ்பவை; எனினும் அவை கண்ணையும் கையையும் முழுமையாகக் கோருபவை. ஆக, தாய் அருகில் இருக்கிறாள் என்பதும் தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதும் ஒன்றல்ல.

இவ்விடைவெளியை நிரப்புபவர் பெரும்பாலும் ‘ஆயா’. தமிழ்நாட்டின் வடமாவட்டங்களில் இச்சொல் பாட்டியைக் குறிக்கும். அங்கன்வாடியில் உதவியாளராகப் பணிபுரியும் பெண்ணும் இச்சொல்லாலேயே அழைக்கப்படுகிறார். உறவும் தொழிலும் ஒரே சொல்லில் கலந்திருப்பது, குழந்தை பார்க்கும் பணி தனித்த உழைப்பாகக் கணக்கிடப்படாமைக்கும் ஒரு காரணம் எனலாம். ஆயா இல்லாத வீட்டில் அப்பணி எட்டு அல்லது பத்து வயது அக்காளின் மேல் விழுகிறது. அவளுடைய பள்ளிப்படிப்பும் தம்பி தங்கையின் உயிரும் ஒருங்கே இடர்ப்பாட்டிற்கு உள்ளாகின்றன.

2. நடமாட்டத்தின் பருவங்கள்

குழந்தையின் வளர்ச்சியை அதன் உடலியக்கத்தைக் கொண்டு பகுத்துக் காண்பது தமிழ் மரபிற்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் இலக்கிய வகை காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனப் பருவங்களை வகுத்து, ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என முடிக்கிறது. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள்வரை ஒற்றைப்பட்ட திங்கள்களில் இப்பருவங்களை வைத்துக் கூறும் பாட்டியல் மரபும் உண்டு. அதன்படி குழந்தை தளர்நடையிட்டு வரும் ‘வருகை’ பதின்மூன்றாம் திங்களுக்கு உரியது.

உலகச் சுகாதார நிறுவனம் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட வளர்ச்சி அளவைகள், உடல்நலமுள்ள குழந்தைகள் தனித்து நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம்வரை பரந்திருப்பதைக் காட்டுகின்றன. இந்தியக் குழந்தைகளும் இடம்பெற்ற அவ்வாய்வின் எல்லைக்குள் பாட்டியலார் குறித்த பதின்மூன்றாம் திங்கள் நடுவே அமைகிறது. இரண்டும் வெவ்வேறு நோக்கில் எழுந்தவையாதலின் இவ்வொப்புமையை அளவிற்கு மீறி வலியுறுத்த வேண்டியதில்லை. ஆனால் காப்பகம் நடத்துபவர்க்கு இதில் ஒரு பயன் உண்டு: வயதைக்கொண்டு மட்டும் குழந்தைகளைப் பிரிக்காது, இயக்கத்தைக்கொண்டு பிரிக்க வேண்டும் என்பதே அது. பத்து மாதத்தில் நடப்பதும் பதினாறு மாதத்திலும் தவழ்வதும் இயல்பே. நேற்றுவரை சப்பாணி கொட்டி அமர்ந்திருந்த குழந்தை இன்று வாசற்படியைத் தாண்டிவிடும். பாதுகாப்பு ஏற்பாடு குழந்தையின் இன்றைய இயக்கத்திற்கன்றி, நாளைய இயக்கத்திற்கு முன்னதாக அமைதல் வேண்டும்.

சிற்றில் இழைத்தலும் சிறுதேர் உருட்டலும் வெளியிடத்திற்கு உரிய செயல்கள். பட்டினப்பாலை காட்டும் கடற்கரைப் பட்டினத்திலும் குழந்தைகள் மூன்று உருளைச் சிறுதேரை வாயில் முன்றிலில் உருட்டித் திரிகின்றனர். ஐந்து வயதிற்கு உட்பட்டோருக்கான உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு நெறிகளும், ஒரு வயது நிறைந்த குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், ஒரே மூச்சில் ஒரு மணிநேரத்திற்கு மேல் அவர்களைக் கட்டுண்ட நிலையில் வைத்தலாகாது என்றும் கூறுகின்றன. எனவே கதவைச் சாத்திக் குழந்தையை உள்ளேயே வைத்திருப்பது ஒரு கேட்டைத் தவிர்க்க மற்றொரு கேட்டை ஏற்பதாகும். காற்றோட்டமற்ற தகரக்கூரை வீட்டில் அது மேலும் கடுமையானது.

3. நீர் விபத்து நிகழும் விதம்

மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்னும் பழமொழி, மீனவர் குழந்தை தானே நீந்தும் என்னும் நம்பிக்கைக்கும் துணையாக வழங்குகிறது. குப்பத்துச் சிறுவர் நன்கு நீந்துவர் என்பது உண்மையே. ஆயினும் அத்திறன் பள்ளி வயதில் கைவருவது. ஆபத்து மிகுந்த ஒன்று முதல் நான்கு வயதில் அது குழந்தைக்கு வாய்ப்பதில்லை. நீந்தக் கற்பித்தலை ஆறு வயதிற்கு மேற்பட்டோருக்கும், நீரிலிருந்து விலகிய பாதுகாப்பான இடத்தைப் பள்ளிக்கு முற்பட்ட குழந்தைகளுக்கும் உரிய வழிகளாக உலகச் சுகாதார நிறுவனம் பிரித்துக் கூறுவது இதனாலாகும்.

சிறு குழந்தையின் தலை, உடலின் ஏனைய பகுதிகளை நோக்கப் பெரியது; உடலின் எடைமையம் மேலே அமைந்துள்ளது. வாளிக்குள் எட்டிப் பார்க்கும் குழந்தை தலைகுப்புற விழுந்தால், கையை ஊன்றித் தலையை உயர்த்தும் வலிமை அதற்கு இராது. சில அங்குல நீரே போதுமானது. வாயும் மூக்கும் நீருக்குள் அமிழ்ந்துவிடுவதால் குழந்தை கூவுவதில்லை. ‘அழுதால் கேட்கும்’ என்னும் எதிர்பார்ப்பு இங்குப் பொய்த்துவிடுகிறது. சில நிமிடங்களில் மீளா நிலை நேரிடுகிறது. ஆகவே நீர் விபத்தில் செவி காவலாகாது, கண்ணே காவல்.

இக்குப்பங்களில் நீர் என்பது ஏரி மட்டுமன்று. குடிநீர் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் டிரம், துணி துவைக்கும் தொட்டி, மூடாத கழிவுநீர்க் குழி, மழைக்காலத்தில் மணல் அள்ளிய பள்ளத்தில் தேங்கும் நீர் ஆகியவை வாசலுக்கு மிக அருகில் உள்ளவை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நேற்று மணலாயிருந்த வழி இன்று நீராக மாறக்கூடும். எனவே ஆபத்தின் எல்லையை ஒருமுறை வரைந்து விட்டுவிடுதல் இயலாது. நாள்தோறும் நடந்து பார்த்தல் வேண்டும்.

4. வங்கப் பகுதிகளின் அனுபவம்

பழவேற்காட்டை ஒத்த நீர்நிலப் பகுதிகளில் இச்சிக்கல் முறையாக ஆராயப்பட்டுள்ளது. மேற்கு வங்கத்துச் சுந்தரவனப் பகுதியில் 2016 முதல் 2019 வரையிலான இறப்புகளைக் குறித்து நிகழ்த்தப்பெற்ற ஆய்வு, ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளில் நீரில் மூழ்கி இறப்போர் ஆண்டுக்கு ஓரிலட்சத்திற்கு ஏறத்தாழ 244 எனக் கண்டது. வீட்டருகில் உள்ள குளங்களிலேயே பெரும்பாலான இறப்புகள் நேர்ந்தன. வங்காளதேசத்து ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. தாய் சமையலிலும் பிற வேலைகளிலும் ஈடுபட்டிருக்கும் முற்பகலில், வீட்டிலிருந்து சில அடித் தொலைவிலுள்ள குட்டையில் இவ்விறப்புகள் நிகழ்ந்தன.

இதற்கு வங்காளதேசம் கண்ட தீர்வு ‘ஆஞ்சல்’ எனப்படும் சிற்றூர்க் காப்பகம். ஆஞ்சல் என்பது சேலையின் தலைப்பைக் குறிக்கும் வங்கச் சொல். தமிழில் முந்தானை எனலாம். ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வீட்டில், ஓர் உதவியாளருடன், ஒன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள இருபது, இருபத்தைந்து குழந்தைகள் வாரத்தில் ஆறு நாள் காலை 9 மணி முதல் பிற்பகல் 1 மணிவரை பராமரிக்கப்பெறுகின்றனர். விபத்து மிகும் நேரமும் காப்பகம் திறந்திருக்கும் நேரமும் ஒன்றாக அமைந்ததே இத்திட்டத்தின் நுட்பம். இதில் பங்குபெற்ற குழந்தைகளிடம் மூழ்கி இறக்கும் வாய்ப்பு 80 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்ததாக 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது. இத்தகைய சான்றுகளின் அடிப்படையில் 2021ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம், நீர் விபத்துத் தடுப்பிற்காகப் பகல்நேரப் பராமரிப்பைப் பரிந்துரைக்கும் வழிகாட்டியை வெளியிட்டது.

இவ்வனுபவத்தில் கருதத்தக்கது ஒன்று உண்டு. அங்குக் கட்டப்பெற்றவை பெரிய கட்டடங்கள் அல்ல. வாங்கப்பெற்றவை விலையுயர்ந்த கருவிகளும் அல்ல. ஏற்கெனவே இருந்த ஒரு வீட்டில், ஏற்கெனவே அறிமுகமான ஒரு பெண்ணிடம், ‘இந்நான்கு மணிநேரம் பார்ப்பது மட்டுமே உன் வேலை’ என்று ஒப்படைக்கப்பட்டது. குழந்தையின் உயிரைக் காத்தது அவ்வொப்படைப்பே ஆகும்.

5. ‘பாடு’: முறைவைப்பின் பொருள்

ஒப்படைப்பைத் தெளிவுறச் செய்யும் மரபு பழவேற்காட்டிற்கு அயலானதன்று. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர், ஏரியில் இறால் வளம் மிக்க குறிப்பிட்ட இடங்களில் வலையிடும் உரிமையைத் தமக்குள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்கின்றனர். இதுவே பாடு எனப்படுகிறது. இலங்கைத் தமிழ்ப் பகுதிகளிலும் கரைவலை இழுக்கும் இடமும் உரிமையும் பாடு என்றே வழங்கப்பெறுகின்றன. இன்று இவ்விடம் யாருக்குரியது என்பதில் ஐயம் எழாதவாறு அமைத்துக்கொண்டமையே இம்முறையின் வலிமை.

‘பாடு’ என்னும் சொல்லுக்கு உழைப்பு, துன்பம், மீன் வரத்து எனப் பல பொருள்கள் வழக்கில் உள்ளன. குழந்தை பார்த்தலும் உழைப்பே. அதன் தவறு துன்பமே. எனவே குழந்தையைப் பார்க்கும் முறையையும் ‘பாடு’ என வழங்குவது இக்குப்பத்தார்க்கு விளக்கம் தேவையற்ற வழக்காக அமையும்.

விபத்து நிகழ்ந்த பின்னர், ‘நீ பார்த்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன்’ என்னும் கூற்று எழுவது அரிதன்று. வாசலில் நான்கு பெண்கள் இருந்தும் குழந்தை காணாமற்போவது, அன்பின்மையாலோ கவனமின்மையாலோ மட்டும் அன்று. நால்வரும் பார்ப்பதாக எண்ணி ஒருவரும் பாராமையால் ஆகும். பொதுவாக விடப்பட்ட நீரில் யார் வலையிடுவது என்னும் பூசலைத் தீர்க்கப் பாடு உதவுவதுபோல, பொதுவாக விடப்பட்ட குழந்தையை யார் பார்ப்பது என்னும் குழப்பத்தையும் அது தீர்க்கும்.

இவ்வொப்புமைக்கு ஓர் எல்லையும் உண்டு. மீன்பிடிப் பாட்டுரிமை சாதி, குடும்பம், ஆண்பால் ஆகிய அடிப்படையில் வரையறுக்கப்பட்டது. பெண்களுக்கும் பிற சமூகத்தார்க்கும் அதில் இடமில்லை. குழந்தைகளின் காவலுக்கு அவ்வரையறை பொருந்தாது. மீனவர் குழந்தையும் இருளர் குழந்தையும் ஒரே கரையில் விளையாடுபவர்கள். எனவே பாட்டிலிருந்து கொள்ளத்தக்கது அதன் முறைவைப்பே. அதன் விலக்கு தள்ளத்தக்கது.

6. வெளிநடமாட்டத்திற்கான நடைமுறை நெறிகள்

மேற்கண்ட கருத்தின் அடிப்படையில், ஒரு பெண்ணும் ஓர் உதவியாளரும் நடத்தும் வீட்டுக் காப்பகத்திற்குரிய நெறிகள் கீழே விளக்கப்பெறுகின்றன.

*6.1 பாடு கைமாற்றல்.* குழந்தைகள் வெளியே இருக்கும்போது பாட்டுக்குரியவர் ஒருவரே. அவர் கழுத்தில் ஓர் ஊதல் தொங்க வேண்டும். அதனை அணிந்திருக்கும்வரை அவர் சமைத்தல், வலை பின்னுதல், கைப்பேசி பார்த்தல் ஆகியவற்றில் ஈடுபடலாகாது. முறை மாறும்போது குழந்தைகளைப் பெயர் சொல்லி எண்ணி, ஊதலைக் கழற்றிக் கொடுத்து, ‘இனி உன் பாடு’ என்று வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். வாங்குபவர் ‘என் பாடு’ என்று ஏற்ற பின்னரே முன்னவர் விலகலாம். நெடுநேரம் ஒரேவிதமாகக் கவனித்தால் கண் சோர்வடையுமாதலின், அரைமணிக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுதல் நலம். பள்ளிச் சிறுமியர் உடனிருந்து விளையாடலாம். அவர்களிடம் பாடு ஒப்படைக்கப்படலாகாது.

*6.2 முற்றமும் வேலியும்.* அன்றாட விளையாட்டிற்கு உரிய இடம் வேலியிட்ட முற்றமே. ஓலைத்தட்டி வேலி மலிவானது. எனினும் அதன் அப்பால் நிகழ்வது தெரியாது. சவுக்குக் கழி நட்டுப் பழைய வலையை இறுகக் கட்டிய வேலி பார்வையை மறைக்காது. கண்ணி சிறியதாயும், குழந்தை கால்வைத்து ஏறவும் தலை நுழைக்கவும் இயலாததாயும், வலையின் அடி மணலில் புதைந்ததாயும் இருத்தல் வேண்டும். தொய்ந்த வலை தானே ஆபத்தாகிவிடும். படலைத் திறந்தவர் மறந்தாலும் அது தானே மூடிக்கொள்ளும்படி ஒரு கயிற்றில் எடை தொங்கவிடலாம். கொக்கி குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வெளிப்புறம் அமைய வேண்டும். வேலி காவலுக்கு மாற்றாகாது. குழந்தை நீரை அடைய ஆகும் நேரத்தைக் கூட்டித் தருவதே அதன் பயன்.

*6.3 காலைச் சுற்று.* குழந்தைகள் வருமுன் பாட்டுக்குரியவர் முற்றத்தையும் அடுத்த வழியையும் ஒருமுறை சுற்றி வருதல் வேண்டும். டிரம்முக்கு மூடியிடல், வாளிகளைக் கவிழ்த்தல், இரவில் தேங்கிய நீரை வடித்தல் ஆகியன முதலில் செய்யத்தக்கவை. மணலில் கிடக்கும் தூண்டில் முள், கெளுத்தி, திருக்கை ஆகியவற்றின் முள், உடைந்த கிளிஞ்சல், அறுந்த நரம்பு ஆகியவற்றைப் பொறுக்க வேண்டும். பயன்படாத ஐஸ் பெட்டி கவனத்திற்கு உரியது. ஒளிந்து விளையாடும் குழந்தை உள்ளே புகுந்து மூடி விழுந்தால் மூச்சு முட்டிவிடும். அதன் மூடியைக் கழற்றிவிடுதல் வேண்டும். கரையேற்றிய படகின் அடியும் நிழல் தரும் விளையாட்டிடமாகத் தோன்றும். முட்டுக்கட்டை நழுவக்கூடுமாதலின் அது விலக்கத்தக்கது.

*6.4 வழிநடை.* முற்றத்தைத் தாண்டி அங்கன்வாடிக்கோ, கோயில் திடலுக்கோ, மரத்தடிக்கோ செல்லும்போது அளவுகோல் எளியது. ஒருவர்க்கு இருகை, எனவே கைப்பிடித்து நடக்க வேண்டிய பருவத்தினர் ஒருவர்க்கு இருவரே. தனித்து நடக்கவல்ல மூன்று, நான்கு வயதினர் கைப்பிடி வளையங்கள் இட்ட கயிற்றைப் பற்றி வரிசையாக நடக்கலாம். பால்வாடிகளில் வழங்கும் ரயில் விளையாட்டை இதற்குப் பயன்படுத்தலாம். வளையம் கைக்கு மட்டுமே. இடுப்பிலோ கழுத்திலோ மணிக்கட்டிலோ கயிற்றைக் கட்டலாகாது. முன்னும் பின்னும் ஒருவர் நடக்க, பாட்டுக்குரியவர் பின்னே நிற்றல் வேண்டும். முன்செல்பவர்க்கு வரிசை தெரியாது. நீர் இருக்கும் பக்கத்திலோ வண்டி வரும் பக்கத்திலோ பெரியவரே நடத்தல் வேண்டும்.

ஏலம் முடிந்து மீன்வண்டிகள் விரையும் நேரத்தில் சாலையைக் கடத்தலாகாது. சிறு குழந்தைகளால் வண்டியின் வேகத்தையும் தொலைவையும் சேர்த்து மதிப்பிட இயலாது. ‘பார்த்து வா’ என்னும் அறிவுரை அவ்வயதில் பயன்தராது; சூழலையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியவர் பெரியவரே. புறப்படும்போதும், சென்று சேர்ந்தபோதும், திரும்பும்போதும், வீடு வந்தபோதும் என நான்குமுறை எண்ணுதல் வேண்டும். எண்ணிக்கையை மட்டும் சொல்லாது பெயரைச் சொல்லி முகத்தைப் பார்த்து எண்ணுவதே முறை. வழியில் சேர்ந்துகொண்ட அயல் குழந்தை எண்ணிக்கையைச் சரிக்கட்டிவிடக்கூடும்.

*6.5 வெயிலும் படகும்.* நண்பகல் மணல் பெரியவரின் தடித்த பாதத்திற்குத் தெரியாத சூட்டைக் குழந்தையின் பாதத்தில் ஏற்றும். புறங்கையை மணலில் வைத்துப் பொறுக்க முடியுமா எனச் சோதித்தல் எளிய வழி. முற்பகல் 10 மணிக்கு முன்னரும் பிற்பகல் 4 மணிக்குப் பின்னரும் வெளியே அழைத்துச் செல்லுதலும், இடையிடையே குடிநீர் தருதலும் தேவை. காப்பகக் குழந்தைகளைப் படகில் ஏற்றுதல் எந்நிலையிலும் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டு ஏரியில் உலா சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தமை, ஆழமற்ற ஏரி என்னும் எண்ணத்தின் பொய்ம்மையைப் பெரியவர்க்கும் உணர்த்தியது.

*6.6 மீட்பு.* குழந்தை காணப்படவில்லையெனில் முதலில் தேட வேண்டிய இடம் நீரே. வீட்டிற்குள்ளும் அண்டை வீடுகளிலும் தேடுவது பின்னர். நீரிலிருந்து எடுத்த குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றுவதும் வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயல்வதும் ஊர்களில் காணப்படும் வழக்கம். இவை மூச்சு கிடைக்க வேண்டிய நேரத்தை வீணாக்குபவை. வாந்தி மூச்சுக்குழலில் புகவும் இடந்தருபவை. மூச்சில்லையெனில் உடனே வாய்வழி மூச்சூட்டலும் தொடர்ந்து நெஞ்சழுத்தலும் செய்ய வேண்டும். மற்றொருவர் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். இதனை ஏட்டில் படித்து அறிய இயலாது. காப்பகம் நடத்தும் இருவரும் நேரிற் பயிற்சி பெற்றிருத்தல் இன்றியமையாதது. குழந்தை தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

7. அரசுத் திட்டங்களின் எல்லை

மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக்குழு 1972ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, முன்பருவக் குழந்தைகளின் வளர்ச்சியைத் தேசியப் பொறுப்பாக முன்வைத்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. அங்கன்வாடி இன்று குப்பங்களிலும் அறிமுகமான நிறுவனமாகும். எனினும் முன்பருவக் கல்விக்காக அங்கு நாள்தோறும் அமர்பவர் ஓரளவு வளர்ந்த குழந்தைகளே. நடக்கத் தொடங்கிய, சத்துமாவு மட்டும் வாங்கிச் செல்லும் இளங்குழந்தைகள் பகல் முழுவதும் வீட்டிலேயே உள்ளனர். விபத்து மிகும் வயதும் நிறுவனம் அரிதாக எட்டும் வயதும் ஒன்றாயிருப்பது வருந்தத்தக்கது.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் முப்பதிற்கும் மேற்பட்ட பெண்கள் பணிபுரியும் தொழிற்சாலைகளிலும், 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களிலும் குழந்தைகள் காப்பகத்தைக் கடமையாக்கின. மீன் விற்கும் பெண்ணுக்கும் இறால் தடவும் பெண்ணுக்கும் முதலாளி இல்லை. எனவே அவர்களுக்குக் காப்பகம் அமைக்கக் கடமைப்பட்டவரும் இல்லை. தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயதுவரையுள்ள 25 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், ஓர் உதவியாளர், நாளொன்றுக்கு ஏழரை மணிநேரம் என வகுத்தது. 2022ஆம் ஆண்டில் ‘பால்னா’ என்னும் பெயரில் அங்கன்வாடியுடன் காப்பகத்தை இணைக்கும் முயற்சி தொடங்கப்பெற்றது. இத்தகைய திட்டம் ஏரிக்கரைக் குப்பங்களில் நடைமுறைக்கு வரும்போது, அலுவலக நேரத்தையன்றி ஏலமும் ஓதமும் நிர்ணயிக்கும் தொழில்நேரத்தைத் தழுவி அமைதல் வேண்டும். விடியலில் தாய் புறப்பட்ட பின் ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம், தேவைப்படும் பொழுதின் பெரும்பகுதியில் மூடியே இருக்கும்.

2023 டிசம்பரில் மத்திய நலவாழ்வு அமைச்சகம் நீரில் மூழ்குதலைத் தடுப்பதற்கான செயல்வரைவை வெளியிட்டுள்ளது. உள்ளூர் நீர்நிலைகளையும் உள்ளூர் வழக்கங்களையும் அறிந்தோர் அதன் செயற்பாட்டில் பங்குபெறுதல் இன்றியமையாதது. தமிழியல் ஆய்வாளர்க்கும் இதில் பணி உண்டு. பயிற்சிக் கையேடுகளில் வரும் அயற்சொல்லைக் காட்டிலும், ஊரார் நாவில் ஏற்கெனவே உள்ள சொல் விரைவில் செயலாகும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. பழவேற்காட்டு ஏரிக்கரையில் சிறு குழந்தைகளுக்கு நேரும் ஆபத்து, நீரின் ஆழத்தைக் காட்டிலும் பகற்பொழுதில் பார்ப்பவர் இன்னாரென வரையறுக்கப்படாமையால் மிகுகிறது. குழந்தையை அடைத்து வைத்தல் தீர்வன்று. இயக்கம் அதன் வளர்ச்சிக்கு இன்றியமையாதது. வேலி, கயிறு, மூடி ஆகிய பொருள்கள் கண்காணிப்புக்குத் துணையாவனவேயன்றி அதற்கு ஈடாகா. வங்கப் பகுதிகளின் அனுபவம், ஊரார் வீட்டிலேயே குறைந்த பொருட்செலவில் இக்காவலை அமைக்க இயலும் என்பதை மெய்ப்பித்துள்ளது. அதற்குத் தேவையான முறைவைப்பு ஒழுங்கு இக்குப்பங்களின் பாடு மரபில் ஏற்கெனவே உள்ளது.

ஏரியில் ஒருநாள் பாடு தவறினால் ஒருநாள் வருவாய் போகும். அடுத்த முறை வரும்போது அதனை ஈட்டிக்கொள்ளலாம். குழந்தையைப் பார்க்கும் பாடு தவறினால் ஈட்டிக்கொள்ள மறுமுறை இல்லை. இதனை உணர்ந்து, குழந்தை பார்க்கும் பெண்ணின் நேரத்தைக் கூலிக்குரிய உழைப்பாக ஊராரும் அரசும் ஏற்கும்போது, ஏலத்திற்குச் செல்லும் தாயும் பள்ளிக்குச் செல்ல வேண்டிய அக்காளும் ஒருங்கே பயன்பெறுவர்.